அப்பாவின் தைனமோவுடன் தெய்வேந்திரமுனை வரை

யாழ்ப்பாணத்தில் 1990களில் குடும்பம் நடத்திய சகோதரிகளுக்குச் சைக்கிளைப் பற்றி நான் புதிதாக எதையும் சொல்லிவிட முடியாது. மின்சாரம் இல்லை. பெற்றோல் இல்லை. ரோர்ச் லைற்றுக்குப் போடும் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. விறகு வந்ததும் சைக்கிளில், நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போனதும் சைக்கிளில். இரவானதும் அதே சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, தைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசை கேட்டோம். எங்கள் வீட்டில் பெடல் சுற்றுவது அண்ணாவின் வேலை. அவனுக்குக் கை உளைந்தால் என்னைக் கூப்பிடுவான். நான்கு வயதுப் பிள்ளையான நான் இரண்டு கையாலும் பெடலில் தொங்குவேன்.

அந்தச் சைக்கிள் அப்பாவுடையது. பார் வைத்த பழைய றலிச் சைக்கிள். 1993இல் கிளாலிக் கடலைக் கடந்து வெளியே போன அப்பா திரும்பி வரவில்லை. கரையில் அவர் விட்டுப் போன சைக்கிளைத் தெரிந்தவர் ஒருவர்தான் கொண்டுவந்து தந்தார். அதற்கு முன்னர் அம்மா சைக்கிளில் ஏறியதே இல்லை. முப்பது வயதில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எங்கள் கோண்டாவில் ஒழுங்கையில் மதிலைப் பிடித்துப் பிடித்துப் பழகினார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து நடந்த அந்த இரவில் அம்மா அதை ஓடவில்லை, தள்ளினார். பாரில் துவாயைச் சுற்றி நான் இருந்தேன். கரியரில் அரிசிப் பை. ஹாண்டிலில் கேத்தில். அண்ணா சீற்றைப் பிடித்தபடி நடந்தான். நாவற்குழிப் பாலத்தில் சில்லு உருள இடமில்லாமல், மழையில் நனைந்தபடி, அடியடியாக நகர்ந்தோம்.

இவ்வளவையும் முதலில் சொல்லக் காரணம், 2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் நான் போன ஒரு பயணத்தைப் பற்றி எழுத வேண்டும் என்பதுதான்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீட மாணவி. எங்கள் வகுப்பில் ஆறு பேர், நான்கு ஆண்களும் இரண்டு பெண்களும், நாட்டின் வட முனையிலிருந்து தென் முனை வரை சைக்கிளில் போவது என்று தீர்மானித்தோம். வழியில் உள்ள கிராமங்களில் தங்கி, பாடசாலை விட்ட பிறகு பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பரிசோதனைகள் செய்து காட்டுவது நோக்கம். யோசனையைத் தொடக்கியவன் கண்டிப் பக்கத்திலிருந்து வடக்குக்குப் படிக்க வந்த சிங்கள நண்பன். அவன் எங்களோடு பழகித் தமிழ் பேசக் கற்றிருந்தான். எங்கள் சிங்களத்தைவிட அவனுடைய தமிழ் எவ்வளவோ மேல். வன்னியில் ஆய்வுகூடம் என்ற பெயரில் ஒரு மேசைகூட இல்லாத பாடசாலைகள் அப்போது பல இருந்தன. காந்தத்தைக் கண்ணால் காணாமலே காந்தப்புலம் பற்றி விடை எழுதிய பிள்ளைகளை நாங்கள் அறிவோம். இடம்பெயர்ந்து திரிந்த ஆண்டுகளில் நாங்களும் அப்படித்தான் எழுதினோம்.

ஊரில் கதை கிளம்பியது. "குமர்ப்பிள்ளை, அதுவும் தேப்பனில்லாத பிள்ளை, சிங்கள ஊருக்கெல்லாம் சைக்கிளில போறதோ?" என்று பெரியம்மா முறையான ஒருவர் வீட்டுக்கு வந்தே கேட்டார். அம்மா தேநீர் கொடுத்தார், பதில் கொடுக்கவில்லை. எனக்கும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நான் வகுப்பால் வந்து பார்த்தேன். என்னுடைய லுமாலாச் சைக்கிளுக்குப் புதிய பிறேக் கட்டை போட்டிருந்தது. சில்லருகே அப்பாவின் சைக்கிளிலிருந்து கழற்றிய தைனமோ பூட்டியிருந்தது. "இருட்டினால் லைற் வேணும்" என்று மட்டும் சொன்னார்.

பருத்தித்துறை முனையிலிருந்து காலையில் புறப்பட்டோம். தெய்வேந்திரமுனை வரை நாங்கள் தெரிவுசெய்த பாதையில் ஏறத்தாழ 650 கிலோமீற்றர். பதினாறு நாட்கள் கணக்குப் போட்டிருந்தோம். கணக்கில் காற்றைச் சேர்க்க மறந்துவிட்டோம். ஜூலையில் சோளகம் வீசும் என்பது மீன்பிடிக்கும் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விஞ்ஞான பீடத்து ஆறு பேருக்கும் அது கொடிகாமம் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. எதிர்க்காற்றில் குனிந்து மிதித்தோம். கியர் உள்ள சைக்கிள் ஒருவரிடமும் இல்லை.

முகமாலையில் வீதியின் இருபுறமும் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள் நின்றன. தலையிழந்த பனைகள். அவற்றுக்கு அப்பால் வெயிலில் சிலர் முழங்காலில் இருந்து நிலத்தைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். தடித்த அங்கியும் முகத்தை மறைக்கும் கண்ணாடியும் போட்டிருந்ததால் முதலில் தெரியவில்லை. ஒருவர் நிமிர்ந்து தண்ணீர் குடித்தபோது நீண்ட பின்னல் தெரிந்தது. கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவர்களில் பலர் பெண்கள், அவர்களிலும் பலர் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள் என்று பிறகு அறிந்தோம்.

அன்று பின்னேரம் பளைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் முதல் வகுப்பு. மாமர நிழலில் நாற்பது பிள்ளைகள் அளவில் இருந்தார்கள். வேலியோரம் தாய்மார் நின்றார்கள். உள்ளே வந்து இருங்கோ என்று கேட்டும் வரவில்லை. பால்மா ரின்னில் ஊசித் துவாரக் கமெரா செய்து, எதிரே நின்ற பனையைத் தலைகீழாகக் காட்டினோம். சைக்கிள் சில்லை வேகமாகச் சுற்றி அச்சைப் பிடித்துக்கொண்டு சரித்துப் பார்க்கச் சொன்னோம். அது பேய் பிடித்ததுபோல் வேறு பக்கம் இழுத்தபோது பிள்ளைகள் கூவினார்கள். கடைசியாக என் சைக்கிளைக் கவிழ்த்து, தைனமோவைச் சில்லோடு சேர்த்து, பெடலைச் சுற்றினோம். பல்ப் எரிந்தது. அதற்கும் கூவல்.

"மின்காந்தத் தூண்டல்" என்று எங்கள் அணியில் ஒருவன் அழகாக விளக்கிக்கொண்டிருந்தபோது, வேலியோரத்திலிருந்து ஒரு அக்கா உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்காலில் மண் பட்ட நீளக் காற்சட்டைக்கு மேல் சட்டை. மகனைக் கூட்டிப்போக வந்தவர். "நானும் ஒருக்காச் சுத்திப் பாக்கட்டே தங்கச்சி?" என்றார்.

சுற்றினார். நிறுத்தினார். பல்ப்புக்குப் போகும் வயரைக் கழற்றினார், திரும்பச் சுற்றினார். மறுபடி வயரைப் பூட்டினார். அவசரமே இல்லாத கைகள்.

"லைற் எரியேக்க பாரமாக் கிடக்கு. வயரைக் கழட்டினா இலேசாப் போகுது. அது ஏன்?"

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "அது உராய்வு அக்கா" என்றான் விளக்கிக்கொண்டிருந்தவன்.

"உராய்வெண்டால் வயரைக் கழட்டினாலும் இருக்க வேணுமே. தைனமோ ரயரில முட்டிக்கொண்டுதானே நிக்குது?"

அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. உயர்தரத்தில் லென்சின் விதியை நாங்கள் எல்லோரும் படித்திருந்தோம். குறியீடுகளோடு எழுதிப் புள்ளியும் பெற்றிருந்தோம். ஆனால் அந்த விதி இந்தக் கைப்பாரம்தான் என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. நானாக யோசித்ததும் இல்லை. இத்தனைக்கும் நான்கு வயதில் அந்தப் பெடலில் தொங்கியவள்.

தடுமாறித் தடுமாறித்தான் விளக்கினோம். தைனமோவுக்குள் காந்தம் சுழல்கிறது, அதைச் சூழ்ந்த கம்பிச் சுருளில் மின் பிறக்கிறது. பல்ப்பைப் பூட்டினால் அந்த மின் ஓடத் தொடங்கும். ஓடுகிற மின் தானும் ஒரு காந்தம்போல நடந்து, சுழலும் காந்தத்தை எதிர்த்து இழுக்கும். அந்த இழுவையை மேவிச் சுற்றுவதற்குக் கை செய்கிற வேலைதான் பல்ப்பில் வெளிச்சமாக வருகிறது. வயரைக் கழற்றினால் மின் ஓடாது, இழுவையும் இல்லை.

அக்கா கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப எங்கட டிடெக்டரும் இந்தச் சாதிதானோ?" என்றார். அப்போதுதான் அவர் முகமாலையில் வேலை செய்பவர் என்பது தெரிந்தது.

ஓம், அதே சாதிதான். கருவியின் வட்டத் தலைக்குள் இருப்பதும் கம்பிச் சுருளே. அதில் மாறி மாறி ஓடும் மின், மண்ணுக்குள் இருக்கும் உலோகத் துண்டில் சிறிய சுழல் மின்னோட்டத்தைத் தூண்டும். அந்தத் துண்டு ஒரு கணம் தானும் காந்தமாகிப் பதில் அனுப்பும். அந்தப் பதிலைத்தான் கருவி சத்தமாக்குகிறது. இதை நான் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு எங்களுக்கு அவர் பாடம் எடுத்தார். சில மிதிவெடிகளில் பேனைக்குள் இருக்கும் ஸ்பிரிங் அளவு உலோகம்தான் இருக்குமாம். ஆனால் கருவிக்கு ஆணி எது, சன்னம் எது, மீன்ரின் மூடி எது என்று தெரியாது. கத்துவது எல்லாவற்றுக்கும் ஒரே கத்தல். எனவே ஒரு மீற்றர் அகலப் பாதையில் கத்துகிற ஒவ்வொரு இடத்தையும் பக்கவாட்டிலிருந்து மெல்லச் சுரண்டிப் பார்க்க வேண்டும். "முழுநாளும் ஆணியும் சன்னமும்தான் வரும். அதுக்காண்டி ஒருநாளும் இது ஆணியெண்டு நினைச்சுக் கை வைக்கேலாது." பிள்ளைகள் கூவவில்லை. காந்தத்தைப் பார்த்ததைவிடக் கவனமாக அவரைப் பார்த்தார்கள். அவருடைய மகன் முன்வரிசைக்கு வந்து இருந்துகொண்டான்.

புறப்படும்போது என்னிடம், "அவர் 2009இலயிருந்து இல்லைத் தங்கச்சி. தேடிக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார். எங்கள் அப்பா 93இலிருந்து என்றேன். வேறொன்றும் பேசவில்லை. தைனமோவை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு மகனைக் கரியரில் ஏற்றிக்கொண்டு போனார்.

அன்று இரவு நாங்கள் பெண்கள் இருவரும் ஒரு ஆசிரியை வீட்டில் தங்கினோம். அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். சாப்பாடு, பாதை, கால் நோவு எல்லாம் விசாரித்து முடிந்தபின், ரேடியோ கேட்ட காலத்தில் பெடல் பாரமாக இருந்ததா என்று கேட்டேன்.

"ஓம், ரேடியோவை நிப்பாட்டினா இலேசாப் போகும். சத்தத்தைக் கூட்டினா இன்னும் கொஞ்சம் பாரமாகும். அதாலதானே நான் சத்தத்தைக் குறைச்சே வைக்கிறனான். கொண்ணன்ர கை பாவமெல்லே. நீ என்ன, அயலட்டைக்குக் கேக்கக்கூடாதெண்டு வைச்சதெண்டு நினைச்சனியே?"

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன், பதினெட்டு வருடமாக.

இதன்பின் எங்கள் வகுப்பு மாறியது. விளக்கத்தை முதலில் சொல்லும் பழக்கத்தை விட்டோம். ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு தரம் சுற்றவிட்டோம், வயரோடு ஒருமுறை, வயர் இல்லாமல் ஒருமுறை. என்ன வித்தியாசம் என்று கேட்டுவிட்டு நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். வேலியோரத்துத் தாய்மாரையும் சுற்றச் சொன்னோம். வெட்கப்பட்டவர்கள் கூடத் தைனமோ என்றதும் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு ரேடியோக் கதை இருந்தது. பிற்காலத்தில் நான் ஆசிரியையாகிச் சாதாரண தர வகுப்புக்கு இந்தப் பாடத்தை எடுத்தபோதும் இப்படியே தொடங்கினேன்.

ஆனையிறவில் நின்று உப்பளத்தைப் பார்த்தோம். போரினால் 1990இல் நின்றுபோன உற்பத்தி அப்போதும் தொடங்கியிருக்கவில்லை. பாத்திகள் இருந்த இடத்தில் வெடித்த சேறு. கரையில் கிடந்த உப்புப் பருக்கைகள் சிலவற்றைப் பொறுக்கிக் கடதாசியில் மடித்து வைத்தேன். கிளிநொச்சியில் விழுந்துகிடந்த நீர்த்தாங்கியைத் தெற்கிலிருந்து வந்த பஸ்காரர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நிற்கவில்லை. முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, பிள்ளையாரிடம் காற்றைக் கொஞ்சம் குறைக்கும்படி கேட்டோம். அவர் கேட்கவில்லை. மாங்குளம் வரைக்கும் அது எங்கள் மூக்கிலேயே அடித்தது.

வவுனியாவுக்கு முன்னால் ஒரு சோதனைச் சாவடி. பையைத் திறக்கச் சொன்னார்கள். செப்புக் கம்பி, பற்றரி, ஆணி, ரின்கள், காந்தம், ஊசிக்குழாய்கள். இவை ஒன்றாக ஒரு பையில் இருந்தால் பார்ப்பவருக்கு என்ன தோன்றும் என்று பொதி கட்டும்போது எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. என் கால்கள் நடுங்கின. கண்டி நண்பன் சிங்களத்தில் நீளமாக விளக்கினான். சிப்பாய் ஒன்றும் பேசாமல் என் சைக்கிளின் சில்லைத் தூக்கி, தைனமோவைத் தட்டி விழுத்தி, கையால் சுற்றினார். லைற் எரிந்தது. திரும்பச் சுற்றினார். மூன்றாம் முறை சுற்றியது எங்களைச் சோதிக்க அல்ல என்பது முகத்தில் தெரிந்தது. தங்கள் கிராமத்துக்கு மின்சாரம் வந்ததே தான் படையில் சேர்ந்த பிறகுதான் என்று நண்பனிடம் சொன்னாராம்.

மதவாச்சிக்கு அப்பால் எங்கள் வாய் அடைத்துப்போனது. மொழி தெரியாமல் விஞ்ஞானம் எப்படிச் சொல்வது? ஒரு விகாரை மண்டபத்தில் வகுப்பு. நண்பன் ஒருவனே பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் சைக்கிளைக் கவிழ்த்தோம். சுற்றினார்கள், வயரைக் கழற்றினார்கள், சுற்றினார்கள். ஒரு சிறுமி என் கையைப் பிடித்துப் பெடலில் வைத்து, "பர" என்றாள். பாரம் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல்லும் ஏறக்குறைய அதேதான்.

தம்புள்ளையையும் மாத்தளையையும் விரைவாகக் கடந்தோம். கண்டியில் நண்பனின் வீட்டில் ஒருநாள் முழுக்கத் தூங்கினோம். அங்கிருந்து நுவரெலியாவுக்கு 77 கிலோமீற்றர். இறம்பொடை ஏற்றத்தை ஓடினோம் என்று எழுதினால் பொய்யாகும். மழையில், புகார் மூட்டத்தில், இரண்டு நாள் தள்ளினோம். சாவகச்சேரியை நோக்கிச் சைக்கிள் தள்ளிய அம்மாவின் முதுகு எனக்கு அங்கேதான் ஞாபகம் வந்தது. அவர் சுமையோடு தள்ளினார், பின்னாலே ஷெல் சத்தம். எனக்கு வழியெல்லாம் தேநீர்க் கடை.

நுவரெலியாவுக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில் லயத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு. அங்கே தைனமோவைவிட வெப்பமானி பெரிய காரியம் செய்தது. கேத்திலில் தண்ணீரைக் கொதிக்க வைத்தோம். தளதளவென்று கொதிக்கிறது, வெப்பமானி 94 பாகைக்குக் கிட்ட நின்றுவிட்டது. "டீச்சர், பொஸ்தகத்துல நூறுன்னு போட்டிருக்கே" என்று ஒரு பையன் எங்களைப் பிடித்தான். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் இருக்கிறோம், இங்கே காற்றின் அழுத்தம் குறைவு, நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது என்று விளக்கினோம். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, "அதான் இந்தப் பருப்பு வேகவே மாட்டேங்குது! வெறகுதான் ஈரம்னு நெனச்சேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அழுத்தச் சட்டி எப்படி வேலை செய்கிறது என்பதை அதன்பின் விளக்கத் தேவைப்படவில்லை, அவரே மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டார். நாங்கள் வடக்கிலிருந்து வருகிறோம் என்று அறிந்ததும், "எங்கக்கா எழுபத்தேழு கலவரத்துல கெளம்பிக் கிளிநொச்சிக்குப் போச்சு. கடைசிச் சண்டைக்கு அப்புறம் ஒரு சேதியும் இல்ல. பாத்தா சொல்லுங்க" என்று பெயரைச் சொன்னார். கொப்பியில் எழுதிக்கொண்டேன். திரும்பி வந்த பிறகு விசாரித்தேன். அந்தப் பெயரில் மூன்று பேர் கிடைத்தார்கள், மூவருமே வேறு ஆட்கள்.

எல்லையிலிருந்து வெல்லவாய வரைக்கும் இறக்கம். பதினாறு நாளில் மிதிக்காமல் போன ஒரே துண்டு அதுதான். பிறேக் கட்டை சூடேறி மணத்தது. அம்மா புதிதாகப் போட்ட கட்டை.

அம்பாந்தோட்டையில் உப்பளம் வேலை செய்துகொண்டிருந்தது. பாத்திகளில் கடல்நீர் காய்ந்து வெள்ளை பிடித்திருந்தது. ஆனையிறவுப் பருக்கைகளை எடுத்து அங்குள்ள உப்போடு பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தோம். இரண்டும் ஒரே மாதிரிச் சதுரப் பெட்டிகள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுவே அன்றைய பாடம்.

அன்றிரவு நண்பனின் மாமி முறையான ஒருவர் வீட்டில் தங்கினோம். அறுபது வயதை நெருங்கியவர். முன் விறாந்தையில் சீருடை போட்ட ஒரு இளைஞனின் படம். அதன் முன்னால் சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன மின்குமிழ், இரவும் பகலும் எரிவது. மகன் 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் இறந்தான் என்று நண்பன் எனக்கு மெதுவாகச் சொன்னான். எந்த இடத்தில் என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மாவே சொன்னார். அவர் சொன்ன சிங்கள வசனத்தில் எனக்கு விளங்கியது ஒரு சொல்தான், முகமாலை.

முகமாலை எப்படி இருக்கும் என்று கேட்டார். அவர் ஒருநாளும் வடக்கே வந்ததில்லை. மரங்கள் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, வெயில் கடுமையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன், நண்பன் மொழிபெயர்த்தான். மணல் நிலம். பனை மரங்கள், பல தலையில்லாமல். சிவப்புப் பலகைகள். பெண்கள் முழங்காலில் இருந்து நிலத்தைத் துப்புரவாக்குகிறார்கள்.

"பெண்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டது மொழிபெயர்க்காமலே எனக்கு விளங்கியது. ஓம், பெண்கள்தான் என்றேன். பளையில் கண்ட அக்காவைப் பற்றிச் சொன்னேன், ஆணிக்கும் வெடிக்கும் கருவி ஒரே மாதிரிக் கத்தும் என்பதையும். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய் எங்களுக்குத் தயிரும் கித்துள் பாணியும் கொண்டுவந்து வைத்தார். அந்தப் பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒரு மகனைத்தான் பார்த்தேன் என்றேன்.

அன்று எனக்கு நித்திரை வரவில்லை. விறாந்தையில் அந்தச் சிவப்பு வெளிச்சம். எங்கள் வீட்டில் அப்பாவின் படம் அலுமாரிக்குள் இருக்கிறது. மாலை இல்லை, விளக்கு இல்லை. இருபது வருடமாகியும் அம்மா போடவில்லை. போடச் சொல்லி வந்த பெரியவர்களுக்கும் தேநீர்தான் கொடுத்து அனுப்பினார். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு இது விளங்கும், விளக்கம் தேவையில்லை. அந்த மாமிக்குத் துக்கம் கொண்டாட ஒரு திகதியாவது இருக்கிறது என்று அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்படி நினைத்தது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது.

மறுநாள் மாலை தெய்வேந்திரமுனை. 49 மீற்றர் உயரமான வெள்ளை வெளிச்சவீடு, தென்னைகள், பாறைகளில் அடிக்கும் கடல். படம் எடுத்தோம். ஒருவன் மணலில் விழுந்து படுத்துவிட்டான். காற்று அப்போதும் எதிரேதான். சொல்வதற்கு வேறு பெரிதாக இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தைவிட வழியில் நின்ற இடங்களே எனக்கு இன்றும் நிற்கின்றன. கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிவந்து வெறுமையாகத் திரும்பிய லொறி ஒன்றில் சைக்கிள்களைப் போட்டுவிட்டு நாங்கள் பஸ்ஸில் ஊர் திரும்பினோம்.

அம்மா முதலில் என்னைப் பார்த்தார், பிறகு சைக்கிளைப் பார்த்தார். முன் சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டு, "கோன் இளகிப் போச்சு, இதோடயே ஓடினனி?" என்று பேசினார்.

இரண்டு நாள் கழித்து ட்ரங்குப் பெட்டியிலிருந்து அந்தப் பழைய ரேடியோவை எடுத்தேன். பற்றரி வைக்கும் இடம் கறள் பிடித்திருந்தது. தைனமோவிலிருந்து வருவது ஆடலோட்டம், திசை மாறி மாறி ஓடுவது. ரேடியோவுக்கு ஒரே திசையில் ஓடும் நேரோட்டம் வேண்டும். அதற்காக இடையில் ஒரு டயோட் வைத்து ஒட்டியிருந்தார்கள். நாங்கள் பாடப்புத்தகத்தில் இருவாயி என்று படித்தது அதைத்தான். பழையது முறிந்து போயிருந்தது. கடையில் புதியது ஒன்று வாங்கி, ஈயம் உருக்கி, நானே ஒட்டினேன். அப்பாவின் றலியைத் தலைகீழாக நிறுத்தித் தைனமோவைத் திரும்பப் பூட்டினேன். அண்ணா அப்போது வெளிநாட்டில். எனவே நானே சுற்றினேன்.

சுற்றினேன், சுற்றினேன். ரேடியோ பேசவில்லை. இருபது வருடம் பழுதாய்க் கிடந்த சாமான், இனி வேலை செய்யாது என்றேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா சுளகை வைத்துவிட்டு எழுந்து வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வயரைத் தூக்கிப் பார்த்தார்.

"உதைத் திருப்பிப் போட்டிட்டாய் பிள்ளை. வெள்ளைக் கோடு ரேடியோவின்ர சிவத்த வயர்ப் பக்கம் பாக்க வேணும். அந்த ரேடியோக் கடைத் தம்பி அண்டைக்கு எனக்குச் சொல்லித் தந்தவர்."

நான் ஈயத்தைத் திரும்ப உருக்கினேன். அம்மா பெடலுக்குப் பக்கத்தில் பலகைக்கட்டையைப் போட்டுக்கொண்டு இருந்தார். "நீ அதை ஒட்டு. நான் சுத்துறன்" என்றார்.